இழுப்பு உள்ள பிள்ளையின் கோபம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் தை, மாசி அறுவடை தொடங்கிவிட்டால் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இழுப்பு, அதாவது ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது கஷ்டகாலம். நெபுலைசர் வைக்க ஓடுகிற நாமே, அதே நாட்களில் பிள்ளை எரிந்து விழுந்தால் 'அடம்' என்று சொல்லி அடித்தும் விடுகிறோம்.

பெரிய தவறு இதுதான். ஆஸ்துமா இருமல் பின்னிரவில்தான் அதிகம் படுத்தும். மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமிய பிள்ளை, எட்டு மணிக்கு இட்லித் தட்டைத் தள்ளிவிட்டால் அது திமிர் இல்லை, தூக்கக் கேடு. வகுப்பில் கவனம் சிதறுவதும் இதனால் இருக்கலாம். ராத்திரி இருமலை ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி வந்தால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள்.

மருந்தையும் கவனிக்க வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் எடுத்ததும் கை நடுக்கம், படபடப்பு வரலாம். ஸ்டீராய்டு மாத்திரை சில பிள்ளைகளைச் சிடுசிடுக்க வைக்கும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் கடுமையாகவே எச்சரித்தது: கெட்ட கனவு, முரட்டுத்தனம், மனச்சோர்வு, அபூர்வமாகத் தற்கொலை எண்ணம்கூட வரலாம். மாத்திரை தொடங்கிய பிறகு குணம் மாறியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

அழுதால் இழுப்பு வந்துவிடுமே என்று பயந்து கேட்டதையெல்லாம் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அழுகை இழுப்பைக் கிளப்பும் என்பது நிஜம். அதற்காகச் செல்போனைக் கொடுத்துவிட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், மூச்சு வாங்கினால் ரிலீவர் (உடனடி நிவாரண இன்ஹேலர்) கொடுங்கள், அப்புறமும் செல்போன் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் மட்டும் மூச்சு முட்டுகிறது என்றால்? 'நடிக்கிறான்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முதலில் மூச்சைப் பாருங்கள்: விசில் சத்தம் கேட்கிறதா, விலா உள்வாங்குகிறதா? இல்லையென்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று நிதானமாகக் கேளுங்கள். இன்ஹேலரைப் பார்த்துக் கேலி செய்திருப்பார்கள், விளையாட்டுப் பீரியடில் ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள். பயமும் மூச்சை முட்டவைக்கும்.

உறவினர் முன்னால் 'சீக்காளி' என்று சொல்வதும் வேண்டாம், பிள்ளை அதை நம்பிவிடும்.

பயமும் சோர்வும் விடவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பிள்ளையால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108.