மந்திரத்துக்கும் பற்று வரவு உண்டு: இளையோர் ஃபேன்டஸி படித்துக் குறிப்பெழுதும் முறை

மதுரையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். வயது 51. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவி பெஞ்சில் ஒரு தடிப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனாள். இருப்பாய்வு போட்டால் இரண்டு பக்கமும் ஒருநாளும் சமமாக வராது அவளுக்கு. திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்று எடுத்து வைத்தேன். ராத்திரி சும்மா புரட்டினேன். மாடித் தொட்டி நிரம்பி வழிய, எதிர் வீட்டு அக்கா போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் மோட்டார் ஞாபகமே வந்தது. அப்போது நூறு பக்கம் தாண்டியிருந்தேன்.

அது ஹாலி பிளாக் எழுதிய 'தி க்ரூயல் பிரின்ஸ்'. 2018இல் வந்தது. மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "கதை எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "செமையா இருந்துச்சு மிஸ்." "எது செமை?" "எல்லாமே மிஸ்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. சிரித்துக்கொண்டேன். ஆனால் என் அண்ணன் மகள் போனில் அதே கேள்வியைக் கேட்டபோது நானும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் சொன்னேன். மோட்டாரை மறக்கடித்த கதையைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவுதானா இருந்தது?

அன்றைக்குக் கோடு போட்ட கணக்கு நோட்டு ஒன்று எடுத்தேன். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அந்த நோட்டு முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

எதை எடுப்பது

அட்டையை நம்பாதீர்கள். பதிப்பாளர்கள் இளையோர் நூல் என்று சொன்னால் பொதுவாக 12 முதல் 18 வயதுக்காரர்களை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கான காதல் ஃபேன்டஸி புத்தகங்களும் இதே வாள், இதே கிரீடம், இதே தங்க எழுத்து அட்டையோடு வருகின்றன. 2023இல் வந்த 'ஃபோர்த் விங்' அப்படித்தான். டிராகன், போர்க் கல்லூரி என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று தோன்றும். நாயகிக்கு 20 வயது, எழுதியது பெரியவர்களுக்கு. அட்டையைப் பார்த்து வேறொரு புத்தகத்தை எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு நான் பட்ட சங்கடம் போதும். அவளுடைய அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டப்பா அதிரசத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். பரிசு கொடுக்கும் முன் நாயகன், நாயகியின் வயதைப் பாருங்கள். நடுவில் எங்காவது பத்துப் பக்கம் படித்தும் பாருங்கள்.

அப்புறம், தொடர் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். டோமி அடேயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' 2018இல் வந்தது, இரண்டாம் பாகம் 2019இல். மூன்றாவது வர 2024 ஆகிவிட்டது. அது கைக்கு வந்தபோது பழைய பெயர்களில் பாதி மறந்துபோய், முதல் பாகத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். 500 பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம் அது. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ஒற்றைப் புத்தகம் அல்லது இரண்டே பாகம் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் நல்லது.

முதல் ஐம்பது பக்கம்

இந்தக் கதைகளில் தொடக்கம்தான் கஷ்டம். ஊர்ப் பெயர், குலப் பெயர், பட்டப் பெயர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சொந்தத்தையெல்லாம் ஒரே மூச்சில் அறிமுகம் செய்துவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. எல்லாவற்றையும் மனதில் ஏற்ற வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும், பக்கத்தில் அந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதும் மட்டும் எழுதுங்கள். அடேயெமியின் கதையை மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். நான் எழுதியது: 'ஸெலி: அம்மாவைத் தூக்கிலிட்ட அரசன் மேல் கோபம். அமாரி: அந்த அரசனின் மகள், அரண்மனையைவிட்டு ஓட வேண்டும். இனான்: அவள் அண்ணன், அப்பாவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும்.' இந்த மூன்று வரி போதும். அந்தப் பையனுக்குள்ளேயே அவன் வெறுக்கிற மந்திரம் இருக்கிறது என்று தெரிகிற இடத்தில் மூன்றாவது வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அடித்து எழுதவைக்கிற பாத்திரம் என்றால் எனக்கு உடனே பிடித்துப்போகும்.

வரைபடம் இருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு நகருங்கள். அதை மனப்பாடம் செய்து எனக்கு ஒரு பலனும் கிடைத்ததில்லை.

நோட்டு போடுவது

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மந்திரம் ஒருவருக்கு என்ன கொடுத்தது என்பதை வலது பக்கம் எழுதுங்கள். அதற்கு அவரிடம் என்ன பிடுங்கிக்கொண்டது என்பதை இடது பக்கம். படிக்கும்போதே எழுத வேண்டாம், ஓட்டம் கெட்டுப்போகும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம். காலையில் எழுதலாம் என்று விட்டால் சம்பவம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், வயிற்றில் என்ன பண்ணியது என்பது போய்விடும்.

ஜோர்டன் இஃபுவேகோவின் 'ரேபேரர்' (2020) படித்தபோதுதான் இந்த முறை எனக்கே சரியாகப் பிடிபட்டது. தாரிசாய் என்று ஒரு சிறுமி. யாரும் தொடாமல் வளர்கிறாள். தொட்டால் அவர்களுடைய நினைவுகள் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதால் வேலைக்காரர்கள் எட்டியே நிற்கிறார்கள். அம்மா எப்போதாவது வந்து போவாள். அந்த அம்மா ஒரு வரம் வாங்கி வைத்திருக்கிறாள்: மகள் இளவரசன்மேல் உயிரையே வைத்திருக்கும் நேரத்தில் அவனைக் கொல்ல வேண்டும். இது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், நான் கதையைக் கெடுக்கவில்லை. அந்த இளவரசனைச் சுற்றிப் பதினொரு பேர் கொண்ட சபை அமைகிறது. சபையில் சேரும் ஒவ்வொருவராலும் அவனுக்கு ஒரு வகைச் சாவிலிருந்து காப்பு கிடைக்கிறது. ஆனால் சபைக்காரர்கள் ஒருவரையொருவர் பிரிந்திருந்தால் உடம்புக்கு முடியாமல் போய்விடும்.

என் நோட்டில் வலது பக்கம்: 'பதினொரு அண்ணன் தம்பி அக்கா தங்கை, இனித் தனிமை இல்லை.' இடது பக்கம்: 'இனித் தனியாகவே இருக்க முடியாது.' எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கூட்டுக்குடும்பத்தில் பிறந்து, கூட்டுக்குடும்பத்தில் வாக்கப்பட்டவள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததா? மேற்கு ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட ஒரு கற்பனை நாட்டுக் கதை நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால் அதுதான் உங்கள் கருத்து. மீதியெல்லாம் கதைச் சுருக்கம், அது பின்னட்டையிலேயே இருக்கும்.

'தி க்ரூயல் பிரின்ஸ்' கதையையும் நோட்டில் ஏற்றிப் பார்த்தேன். தேவதை உலகத்துக்காரர்களுக்குப் பொய் சொல்ல முடியாது, மனிதப் பெண் ஜூடுக்கு முடியும். அங்கே அவளுக்கு இருக்கும் ஒரே சொத்து பொய்தான். யாரும் தனக்கு விஷம் வைத்துவிடக் கூடாது என்று தானே கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சாப்பிட்டுப் பழகுகிறாள். அவளை வளர்ப்பது அவளுடைய அப்பா அம்மாவைக் கொன்ற தளபதி. அவனிடம் அவளுக்குப் பாசமும் இருக்கிறது. இதைத்தான் பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதி வைத்தேன். இளவரசனைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அவன்மேல் அவ்வளவு ஈர்ப்பு வரவில்லை, அந்த வளர்ப்புத் தகப்பன்தான் மனதில் நின்றான். உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஊர் பேசுகிற ஆளையே நீங்களும் பேச வேண்டும் என்று கட்டாயமா என்ன?

இடது பக்கம் காலியாக இருந்தால்

மந்திரம் எதையும் பிடுங்கவில்லை, நாயகி கையை நீட்டினால் நெருப்பு வருகிறது என்றால், நூறு பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்படி இரண்டு மூன்று புத்தகத்தைப் பாதியில் வைத்திருக்கிறேன். பாதியில் வைப்பது பாவமில்லை. எந்தப் பக்கத்தில் வைத்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதினால் அதுவும் ஒரு விமர்சனம்தான்.

ஆனால் ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023) என் முறையைக் கவிழ்த்துவிட்டது. ஒரே செய்தித்தாளில் போட்டிபோடும் ஐரிஸ், ரோமன் என்று இரண்டு இளைஞர்கள். அவள் டைப்ரைட்டரில் அடித்த கடிதத்தை அலமாரிக் கதவுக்கு அடியில் தள்ளினால் அது அவன் அலமாரிக்குப் போய்ச் சேரும். எப்படி, அதற்கு விலை என்ன என்றெல்லாம் கதை பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. என் இடது பக்கம் கிட்டத்தட்டக் காலி. இருந்தும் ஒரே நாளில் முடித்தேன். காரணம் தேடிப் பார்த்தால் வெட்கமாக இருந்தது: நான் 1992இல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். ரிப்பனின் வாசனை, வரி முடியும்போது அடிக்கும் மணி, சுண்டுவிரல் வலி எல்லாம் அந்தப் புத்தகத்தில் இல்லாத இடத்திலும் எனக்குக் கேட்டது. இதை மறைக்காமல் நோட்டில் எழுதினேன். உங்களுக்கு ஒரு கதை பிடித்ததற்குக் காரணம் உங்கள் சுண்டுவிரல் என்றால் அதையே எழுதுங்கள். படிக்கிறவர் எடைபோட்டுக்கொள்வார்.

இன்னொன்று. முடித்த சூட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள். 'டிவைன் ரைவல்ஸ்' முடிகிற இடம் அந்தரத்தில் தொங்கும். ஆத்திரத்தில் 'ஏமாற்று வேலை' என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். இரண்டாம் பாகம் அதே வருடம் டிசம்பரிலேயே வந்திருந்தது, வாங்கித் தொடர்ந்திருந்தால் ஆயிற்று. அன்றிரவு ஐந்து நிமிடக் குறிப்பு, ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறேன்.

தெரிந்த கதையைப் படிக்கும்போது

சங்கு மந்தண்ணா பெங்களூரில் வளர்ந்தவர். அவருடைய 'எ ஸ்பார்க் ஆஃப் ஒயிட் ஃபயர்' (2018) மகாபாரதத்தை விண்வெளிக்குக் கொண்டுபோகிறது. நாயகி எஸ்மே, கர்ணன்தான். யாராலும் வெல்ல முடியாத ஒரு பேசும் போர்க்கப்பலுக்காக வில்வித்தைப் போட்டி நடக்கிறது. நமக்குத்தான் கர்ணன் கதை தொட்டில் பழக்கமாயிற்றே. 'இவள்தான் குந்தி, இவன்தான் துரியோதனன்' என்று ஆள் அடையாளம் பிடிக்கும் விளையாட்டில் இறங்கினால் புத்தகம் கைநழுவிப்போகும். நான் முதல் பாதியை அப்படித்தான் வீணாக்கினேன். எங்கே மூலத்தைவிட்டு விலகுகிறது என்பதை மட்டும் குறியுங்கள். எழுத்தாளர் பேசுவது அந்த இடங்களில்தான்.

பிள்ளைகளிடம் பேசுவது

"பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், "செமை"தான் கிடைக்கும். "அந்த வரம் உனக்குக் கிடைத்தால் அதற்கு எதைக் கொடுப்பாய்?" என்று கேளுங்கள். டார்சி லிட்டில் பேட்ஜரின் 'எலாட்ஸோ' (2020) பற்றி அப்படிக் கேட்டேன். அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான லிப்பன் அப்பாச்சி இனத்துப் பெண் எல்லி, செத்துப்போன பிராணிகளின் ஆவியை எழுப்பத் தெரிந்தவள். அவளுடைய செத்துப்போன நாய் கிர்பி ஆவியாக அவள்கூடவே திரிகிறது. ஆனால் மனித ஆவியை எழுப்பவே கூடாது, திரும்பி வருவது நாம் நேசித்த ஆளாக இருக்காது. இந்த நிலையில் அவளுடைய சொந்தக்கார அண்ணன் கனவில் வந்து, தன்னைக் கொலை செய்துவிட்டார்கள் என்கிறான். காதல் முக்கோணம் கிடையாது. அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள், மகள் சொல்வதை நம்புகிறார்கள். இந்த வகைக் கதைகளில் அது எவ்வளவு அபூர்வம் என்பது பத்துப் புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும்.

நான் கேட்ட கேள்விக்கு, இருப்பாய்வு வராத அந்த மாணவி கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "எங்க தாத்தாவை எழுப்ப மாட்டேன் மிஸ். டைகரை எழுப்புவேன்" என்றாள். டைகர் யார் என்று நான் கேட்கவில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க 'எலாட்ஸோ'. அந்த ஒரு புத்தகத்திலேயே கதை முடிந்துவிடும், ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் ரோவினா காய் வரைந்த படம் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் 'ரேபேரர்', அதற்கு 2021இல் வந்த 'ரிடெம்ப்டர்' என்ற இரண்டாம் பாகத்தோடு கதை முடிந்துவிடும். என்னிடம் இரவல் கேட்பவர்கள் 'எலாட்ஸோ'வை மட்டும் இப்போது கேட்காதீர்கள். அது டைகர்காரியின் வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது.