ஐந்து நாளில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்: வயதான அப்பாவைத் தனிக் காரில், கைடு துணையோடு அழைத்துப் போன விதம்

என் அப்பா கோவையில் 40 ஆண்டுகள் நகைப் பட்டறையில் கல் பதித்தவர். தாஜ்மகாலின் அழகைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. தொலைக்காட்சியில் அது வரும்போதெல்லாம், "அந்தச் சுவரில் கல்லை எப்படி உட்கார வைத்தார்கள் என்று கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்" என்பார். இப்போது அவருக்கு 72 வயது. இடது முழங்காலில் வலி. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அவரை 40 பேர் கொண்ட சுற்றுலா பஸ்ஸில் ஏற்றி, கொடி பிடித்தவர் பின்னால் ஓட வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு தனிக் கார், ஊருக்கு ஒரு கைடு, மொத்தம் ஐந்து நாள் என்று ஏற்பாடு செய்து பிப்ரவரியில் போய் வந்தோம். பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று அந்த ஏற்பாட்டை எழுதுகிறேன்.

முதலில் மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள். விமான டிக்கெட் அதற்குப் பிறகுதான். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியாவில் மூடுபனி இறங்கிவிடும். விடியலில் தாஜ்மகாலுக்குப் போனால் வெள்ளைத் திரைதான் தெரியும். யமுனா விரைவுச்சாலையில் அந்தப் பனியில் போவது ஆபத்தும்கூட. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் டெல்லியின் காற்று மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை வயதானவர்களுக்கு ஏற்ற காலம். இனி கிழமை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை டெல்லியில் இறங்கினோம். வியாழன் விடியலில் தாஜ்மகால், வெள்ளியும் சனியும் ஜெய்ப்பூர் என்று கணக்கு சரியாக அமைந்தது. ஷாஜகானின் உர்ஸ், அதாவது அவரது நினைவு நாள் விழா, எந்தத் தேதியில் வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். அந்த நாட்களில் நிலவறையில் உள்ள உண்மையான கல்லறைகளைத் திறந்து, கட்டணமில்லாமல் உள்ளே விடுவார்கள், கூட்டம் நெரியும். முழங்கால் வலியோடு அந்த நெரிசலுக்குள் போக முடியாது.

டெல்லிக்குப் போய் டெல்லியிலிருந்தே திரும்ப டிக்கெட் எடுக்காதீர்கள். டெல்லியில் இறங்கி, ஜெய்ப்பூரிலிருந்து ஊர் திரும்புங்கள். 270 கிலோமீட்டர் திரும்பி வரும் அரை நாள் மிச்சம். கார் காலியாக டெல்லிக்குத் திரும்புவதற்கு வாடகை கேட்பார்கள். கொடுத்துவிடலாம்.

காரைப் பற்றி. வாடகைக் காருக்கு மஞ்சள் எண்பலகை இருக்க வேண்டும். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் குறைத்துக் கேட்பார்கள். மாநில எல்லையில் பிடித்தால் நடுவழியில் நிற்கப்போவது நீங்கள். டெல்லி, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மூன்று ஆட்சி எல்லைகளைக் கடக்கிறோம். சுங்கம், மாநில அனுமதி வரி, பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா, இரவு ஓட்டினால் கூடுதல் படி, எல்லாம் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதும் அந்த எழுத்தில் வர வேண்டும். ஓட்டுநர் இரவில் எங்கே தங்குவார் என்றும் கேளுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஓட்டுநர்தான் மறுநாள் நம் அப்பாவை ஓட்டிப் போக வேண்டும்.

இப்போது கைடு. பயணத்தின் உயிர் இவர்தான். என் கவலையெல்லாம் இங்கேதான் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தனியாக ஆக்ரா போனபோது, வாசலில் வந்து ஒட்டிக்கொண்ட ஒருவரை நம்பினேன். தாஜ்மகாலில் 40 நிமிடம் சுற்றிக் காட்டினார். பிறகு ஒரு சலவைக்கல் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். நான் வாங்கும் பொருளில் அவருக்குப் பங்கு. அன்று ஆக்ரா கோட்டையைப் பார்க்க நேரமே இல்லாமல் போயிற்று. இந்த முறை கைடுகளிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போனில் பேசினேன். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். சுற்றுலாத் துறை கொடுத்த உரிமத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? (அந்த அட்டையில் புகைப்படமும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்கும்.) நாங்களாகக் கேட்காமல் எந்தக் கடைக்கும் போகக் கூடாது, சரியா? மூன்றாவது, தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கையை ஷாஜகான் வெட்டினார் என்கிறார்களே, உண்மையா?

மூன்றாவது கேள்வியில் ஆளைக் கண்டுகொள்ளலாம். ஒருவர் உருக்கமாகக் கதையை விரித்தார். இன்னொருவர், "அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது அம்மா. எழுத்து வேலை செய்த அமானத் கான் தன் பெயரையே உள்ளே பொறித்திருக்கிறார், அதை அப்பாவுக்குச் சொல்கிறேன்" என்றார். அவரையே அமர்த்தினேன். கைவேலைக்காரரான அப்பாவிடம் அந்தக் கைவெட்டுக் கதையைச் சொல்லிக் கேட்க நான் விரும்பவில்லை.

மூன்று ஊரிலும் கூடவே வரும் ஒரு கைடைவிட, ஊருக்கு ஒருவர் மேல். உள்ளூர்க்காரருக்கு எந்த வாசலில் வரிசை குறைவு, எங்கே சக்கர நாற்காலி கிடைக்கும், எங்கே கழிப்பறை சுத்தம் என்பதெல்லாம் தெரியும். தமிழ் பேசும் கைடு எங்களுக்கு அமையவில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இதற்கு ஒரு பழக்கம் செய்துகொள்ளுங்கள்: இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசவிட்டு மொழிபெயர்த்தால், பாதி போய்விடும். அப்பா அதற்குள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

டெல்லியில் எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் கடினம். நாங்கள் ஒன்றரை நாளில் மூன்று இடம்தான் வைத்துக்கொண்டோம். முதல் நாள் காலை ஓய்வு, பிற்பகல் ஹுமாயூன் கல்லறை. தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் முந்தியது. சிவப்பு மணற்கல்லில் ஆரம்பித்துச் சலவைக்கல்லுக்குப் போகிற கதை புரிய வேண்டுமானால் இதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று டெல்லி கைடு சொன்னது சரியே. சிவப்பு மணற்கல்லில் வெள்ளைச் சலவைக்கல் கோடுகள் மாலை வெயிலில் துல்லியமாகத் தெரிந்தன. அங்கிருந்து குதுப் மினார். உள்ளே படியேற 1981-இல் நடந்த விபத்துக்குப் பிறகு யாரையும் விடுவதில்லை என்பதால், நின்று பார்க்கிற வேலைதான். மறுநாள் காலை சாந்தினி சவுக்கில் சைக்கிள் ரிக்‌ஷா. கடைகள் திறக்கும் நேரமாகப் பார்த்துப் போய், தரீபா கலான் என்ற வெள்ளிக்கடைத் தெருவில் அப்பாவை இறக்கிவிட்டேன். மொழியே இல்லாமல் அரை மணி நேரம் ஒரு கடைக்காரரோடு கைவிரலாலேயே பேசிக்கொண்டிருந்தார். செங்கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. குறை என்று தோன்றவில்லை.

பகல் 12 மணிக்குக் கிளம்பினால் யமுனா விரைவுச்சாலை வழியாக மாலை நான்கு மணிக்குள் ஆக்ரா. அன்று நேராகத் தாஜ்மகாலுக்கு ஓடாதீர்கள். ஆற்றின் அக்கரையில் இதிமாதுத் தவ்லாவின் கல்லறை இருக்கிறது. மொகலாய அரசி நூர்ஜகான் தன் தந்தைக்காகக் கட்டியது, 1628-இல் முடிந்தது. கூட்டம் குறைவு, நடை குறைவு. கல் பதிப்பு வேலையை நெருங்கி நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் ஆக்ராவில் இல்லை. தாஜ்மகாலில் நாம் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கே ஒரே சுவர் முன்னால் 20 நிமிடம் நிற்கலாம்.

கைடு தன் கைபேசி விளக்கை ஒரு பூவின் சிவப்பு இதழருகே சாய்த்துப் பிடித்தார். அகீக் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கல், உள்ளே கங்கு வைத்தது போல் எரிந்தது. பக்கத்துக் கல்லுக்கு விளக்கை நகர்த்தினார். அது ஒளியை வாங்கவில்லை, மங்கலாகவே இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூக்கு சுவரில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "இரண்டு கல்லுக்கும் நடுவே நகம் நுழையவில்லை. குழியை முதலில் வெட்டினார்களா, கல்லை முதலில் அறுத்தார்களா, கேள்" என்றார். கேட்டேன். சலவைக்கல் மேல் காவி பூசி, கூரான கம்பியால் உருவத்தைக் கீறி, கல்லைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதை வைத்து வைத்துப் பார்த்துக் குழியைத் தோண்டுவார்கள் என்று கைடு கையால் செய்து காட்டினார். "அதுதான் முறை. நாங்களும் கல்லைப் பார்த்துத்தான் குழி எடுப்போம்" என்று அப்பா தலையசைத்தார். அந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

உங்கள் பெற்றோரின் தொழில் என்ன என்று கைடிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆசிரியர், விவசாயி, தையல்காரர் யாராக இருந்தாலும், நல்ல கைடு அவருக்கென்று காட்ட எதையாவது எடுத்து வைத்திருப்பார்.

மறுநாள் தாஜ்மகால். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கதவு திறப்பார்கள். டிக்கெட்டைத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். இந்தியர்களுக்கு 50 ரூபாய். மேடை ஏறிக் கல்லறைக்குள் போக இன்னும் 200 ரூபாய். அந்த 200-ஐ மிச்சம் பிடிக்காதீர்கள், நுணுக்கமான வேலையெல்லாம் உள்ளேதான். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குச் செல்லும். பெட்ரோல், டீசல் வண்டிகளை அருகில் விடமாட்டார்கள். கிழக்கு வாசல் பக்கம் ஷில்ப்கிராம் பார்க்கிங்கில் இறங்கி பேட்டரி வண்டியில் போக வேண்டும். தின்பண்டம், தீப்பெட்டி, கேமரா முக்காலி எதுவும் கூடாது. பெரிய பையை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், சோதனை வரிசை சீக்கிரம் நகரும். கல்லறைக்குள் படம் எடுக்கக் கூடாது.

கைடு பேசும் வேலையை வெளித் தோட்டத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். உள்ளே குவிமாடத்தில் எல்லார் குரலும் சேர்ந்து எதிரொலிக்கும். ஒரு சொல் கேட்காது. வாசல் வளைவில் ஓடும் குர்ஆன் வரிகள் மேலே போகப் போகப் பெரிதாக்கப்பட்டிருப்பதால்தான் கீழிருந்து ஒரே அளவாகத் தெரிகின்றன என்பதையும், நான்கு மினார்களும் சற்றே வெளிப்புறம் சாய்ந்திருப்பதையும் எங்களுக்கு அங்கேயே காட்டிவிட்டார். உள்ளே மும்தாஜின் கல்லறையைச் சுற்றியுள்ள சலவைக்கல் தடுப்பின் முன் அப்பா இரண்டு முறை நின்றார். காவலர் நகரச் சொன்னார். வரிசையில் திரும்ப ஒருமுறை போய் வந்தோம். அதற்கும் நேரம் இருந்தது, விடியலில் போனதால்.

காலை உணவுக்குப் பின் ஆக்ரா கோட்டையில் ஒரு மணி நேரம். பிறகு ஜெய்ப்பூர் சாலை. வழியில் ஃபதேபூர் சிக்ரியும் வருகிறது, ஆபாநேரியில் உள்ள சாந்த் பாவ்டி படிக்கிணறும் வருகிறது. ஒரே நாளில் தாஜ்மகாலோடு சேர்த்து இரண்டையும் வைக்காதீர்கள். கால் நன்றாக இருந்தால் சிக்ரி. அக்பரின் நகரம், நடக்க நடக்க விரியும். முழங்கால் வலி என்றால் ஆபாநேரி. 13 அடுக்கு, ஏறத்தாழ 3,500 படிகள், ஆனால் இறங்க விடுவதில்லை. மேலே நின்று பார்ப்பதுதான். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஜெய்ப்பூரில் காலை எட்டு மணிக்கே ஆமேர் கோட்டை. மேலே போக ஜீப் கிடைக்கும். யானைச் சவாரி வேண்டாம்; சுடும் கல்தரையில் ஆளைச் சுமந்து ஏறுவதைப் பார்த்தாலே மனம் வலிக்கிறது. ஹவா மகாலின் முகப்பு கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயிலில்தான் அழகு.

ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக் கூடத்தை மட்டும் நடுப்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லாமல் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, கைடு இல்லாமல் புரிவதற்கும் ஒன்றுமில்லை. மன்னர் ஜெய்சிங் 1734-இல் முடித்த அந்தச் சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ள நிழற்கடிகாரம். அப்பா சலவைக்கல் விளிம்பில் நிழலின் ஓரத்தில் விரலை வைத்தார். நொடிக்கு ஒரு மில்லிமீட்டராக நிழல் விரலைத் தாண்டிப் போவது கண்ணுக்கே தெரிந்தது. கடிகாரத்தில் மணி 12, நிழலில் ஏறக்குறைய 11.20. அவர் கைடைச் சந்தேகமாகப் பார்த்தார். ஜெய்ப்பூர் நம் நாட்டு நேரத்தின் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் 27 நிமிடம், பிப்ரவரி மாதத்தில் சூரியன் பிந்துவதால் இன்னும் 14 நிமிடம் என்று கைடு மண்ணில் கோடு போட்டு விளக்கியதும் தான் அப்பாவுக்குச் சமாதானமானது.

கடைகள் வேண்டாம் என்று கைடுகளிடம் சொல்லி வைத்த நானே, கடைசி நாள் மாலை ஜோஹரி பஜார் பக்கம் குந்தன் என்ற கல் பதித்த நகை செய்யும் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். எதுவும் வாங்கமாட்டோம், வேலை செய்வதைப் பார்க்க வேண்டும், அவர்கள் நேரத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று முன்பே பேசிவிட்டோம். இப்படி நேராகக் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். அரக்கின் மேல் கல்லை வைத்து, சுத்தத் தங்க ரேக்கைச் சுற்றிலும் அழுத்தி அழுத்தியே இறுக்குகிறார்கள். கம்பிப் பிடி கிடையாது. அங்கிருந்த பெரியவர் அப்பாவின் விரல் நுனியில் இருந்த பழைய தழும்புகளைப் பார்த்துவிட்டுத் தன் கருவியை எடுத்து நீட்டினார். அப்பா பலகையில் சம்மணம் போட முடியாமல், ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு பச்சைக் கல்லின் ஓரத்தை அழுத்தினார்.

விமானம் இரவு எட்டரைக்கு. அந்தப் பட்டறையிலிருந்து விமான நிலையம் போக மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்குத் தனியாகக் கொடுக்க நினைக்கும் தொகையை ஏஜென்ட் கணக்கில் சேர்க்காமல், அங்கே இறங்கும்போது அவர் கையிலேயே கொடுங்கள்.