பழைய வீட்டை விற்கும் முன் நான் சரி செய்தவை

அப்பா 1984-ல் மதுரையில் கட்டிய வீட்டை விற்கப் போகிறோம் என்றதும் மாடுலர் கிச்சன் போடு, டைல்ஸை மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் முதலில் மொட்டை மாடிக்குத்தான் போனேன். தளத்தில் பதித்த தட்டோட்டு இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தது, அதற்கு நேர் கீழே படுக்கையறையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. செடியை வேரோடு எடுத்து, தட்டோட்டை மறுபடி பதித்து, கம்பியில் துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் கூரையைப் பூசச் சொன்னேன். மேலே ஒழுகும்போது கீழே பெயிண்ட் அடித்து மறைத்து விற்க மனசு ஒப்பவில்லை. அப்புறம் சொட்டிய குழாய்கள், அவ்வளவுதான். சமையலறையைத் தொடவே இல்லை, வாங்குபவர் எப்படியும் தன் வசதிக்கு இடித்துக் கட்டுவார். அந்தப் பணத்தையும் அலைச்சலையும் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றுக்கும், அப்பா பெயரிலேயே கிடந்த பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றுவதற்கும் செலவழித்தேன். வீடு பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டதும் பட்டாவைத்தான்.