அரேஞ்சர் கீபோர்டில் ஃபில்லை எந்த நேரத்தில் அழுத்துவது?

அரேஞ்சர் கீபோர்டில் தாளமும் பின்னணி வாத்தியங்களும் தானாக ஒலிக்கும். அந்த வகையைச் சேர்ந்த யமஹா பிஎஸ்ஆர் கீபோர்டுகள் பலவற்றில் மெயின் ஏ, பி, சி, டி என 4 வேரியேஷன்கள் (ஒரே பின்னணியின் வேறுவேறு வடிவங்கள்) உண்டு. ஏ-யில் வாத்தியங்கள் குறைவு, டி-யில் அதிகம். பல்லவியை ஏ-யில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே டி-க்குப் போனால் சரணத்தில் ஏற்றிக்காட்ட எதுவும் மிஞ்சாது.

ஆட்டோ ஃபில் பொத்தானை ஆன் செய்தபின் ஏ-யிலிருந்து பி-யை அழுத்தினால், முதலில் ஃபில் (பகுதி மாறும்போது வரும் சிறு டிரம் உருட்டல்) ஒலித்து, அடுத்த பாரில் (தாளத்தின் அடுத்த சுற்றில்) பி தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேரியேஷனின் பொத்தானையே மறுபடி அழுத்தினால் ஃபில் மட்டும் வந்து அதே வேரியேஷன் தொடரும். பலரும் கவனிக்காத, மிகப் பயனுள்ள வசதி இது.

சிக்கல் பெரும்பாலும் நேரத்தில்தான். ஃபில் அழுத்திய இடத்திலிருந்து அந்த பாரின் முடிவுவரை ஓடும். 4/4 தாளத்தில் மூன்றாம் தட்டில் அழுத்தினால் அரை பார் ஃபில், கச்சிதமாக இருக்கும். நான்காம் தட்டின் பிற்பாதியில் அழுத்தினால் ஃபில் அடுத்த பாருக்குத் தள்ளிப்போய், சரணத்தின் முதல் வரிமேல் டிரம் உருளும். முழு ஃபில் வேண்டுமென்றால் முதல் தட்டிலேயே அழுத்துங்கள்.

கை ஒழியவில்லையா? உங்கள் மாடல் அனுமதித்தால் ஃபில்லைக் கால் பெடலுக்கு மாற்றிவிடுங்கள்.