பழைய பிக்கப்புக்குப் புதிய மாடல் முகப்பு: சேஸை வெட்டாமல் பொருத்தும் முறை

இன்ஜினும் சேஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) நல்ல நிலையில் இருந்து, முன்பக்கத் தகடுகள் மட்டும் துருவேறியோ நசுங்கியோ போன பிக்கப்புக்கு, பின்னர் வந்த மாடலின் போனட், மட்கார்டு, கிரில், ஹெட்லைட், ரேடியேட்டர் தாங்கும் சட்டம் ஆகியவற்றை மொத்தமாக மாற்றிப் பொருத்தலாம். இந்த வேலையில் மாறாத அளவுகள் இரண்டே: ஒன்று கேபின் கதவின் முன் விளிம்பு, மற்றொன்று முன் அச்சின் மையம். புதிய முகப்புதான் இவ்விரண்டுக்கும் இணங்க வேண்டுமே தவிர, முகப்புக்காகச் சேஸை வெட்டுவதும் நீட்டுவதும் கூடாது.

சட்ட நிலையை முதலில் பார்த்துவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே வேறு நிறுவனத்தின் முகப்பை நினைத்தே பார்க்க வேண்டாம். அதே வகை வண்டியின் பிற்கால முகப்பாக இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், செய்த வேலையை முழுவதும் கழற்ற நேரிடலாம். சேஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர், வெல்டிங், பட்டி எதுவும் படக் கூடாது.

பழைய உதிரிபாகக் கடையில் முகப்பு வாங்கும்போது, எல்லாப் பாகங்களும் ஒரே வண்டியிலிருந்து கழற்றியவையாக இருப்பது நல்லது. போனட் கீல், பூட்டு, மட்கார்டின் உள் தகடு, பிராக்கெட், போல்ட் வரை கேட்டு வாங்க வேண்டும். ஹெட்லைட் கனெக்டரை ஒரு அடி வயரோடு வெட்டித் தரச் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லையென்றால் அது விபத்தில் வளைந்த சட்டம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அளவு எடுப்பதைப் பழைய முகப்பைக் கழற்றும் முன்பே முடித்துவிட வேண்டும். வண்டியைச் சமதளத்தில், நான்கு டயரும் தரையில் ஊன்றியிருக்க நிறுத்துங்கள். ஜாக்கியில் தூக்கிய நிலையில் ஸ்பிரிங் தொங்கிவிடுவதால் உயர அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். அச்சின் மையத்திலிருந்து கதவின் முன் விளிம்பு வரையுள்ள தூரத்தையும், தரையிலிருந்து மட்கார்டு வளைவின் உச்சி வரையுள்ள உயரத்தையும் இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு சேஸின் இரு பக்கமும் நேருக்கு நேராக உள்ள துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கிடையே உள்ள இரு குறுக்களவுகளும் சமமா என்று பார்த்தால் சேஸ் நேராக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வேலூர் வட்டாரத்துக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு உப்பிட்ட தோலை ஏற்றிய வண்டியென்றால், வழிந்த உப்புநீர் சேஸின் இடுக்குகளில் தங்கி உள்ளிருந்தே இரும்பைத் தின்றிருக்கும். மேலே பூசிய கறுப்பு பெயின்ட் அதை மறைத்துவிடும். ஸ்பிரிங் தாங்கிகளின் ஓரங்களையும் குறுக்குச் சட்ட இணைப்புகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல இரும்பு. மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால், முகப்புக்கான செலவை அங்கேயே நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

கழற்றுவது எளிது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, கூலன்ட்டை வடித்து, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டிக்கொண்டு பிரியுங்கள்.

பொருத்தும்போது முதலில் ரேடியேட்டர் சட்டத்தைப் புதிய ரப்பர் மவுண்டிங் மீது நிறுத்தி, போல்ட்டுகளை இறுக்காமல் விடுங்கள். அடுத்து மட்கார்டைக் கதவுக்கும், போனட்டைக் கண்ணாடியின் கீழ்த் தகட்டுக்கும், கடைசியாக ஒன்றையொன்று நேராக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றை எல்லா இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் பேக்கிங் தகடு வைத்துச் சமன் செய்யுங்கள். பிராக்கெட் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தால், அதைச் சேஸில் வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் மாட்டுவதே சிறந்தது. துளையும் சேஸின் நிமிர்ந்த பக்கத்தில்தான் போட வேண்டும், மேல் கீழ் விளிம்புகளில் போட்டால் பாரம் ஏறும்போது அங்கிருந்தே விரிசல் விடும். அருகில் வெல்டிங் தவிர்க்க முடியாதபோது பேட்டரியையும் ஈ.சி.எம்.மையும் (இன்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டி) கழற்றிவிட்டு, எர்த்தை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும்.

போனட்டின் உட்பக்கம் இன்ஜினில் இடிக்கிறதா என்று அறிய, ஏர் கிளீனரின் உச்சியில் பிசைந்த கோதுமை மாவு உருண்டையை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, போனட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் கனமே உங்கள் இடைவெளி. அது 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இன்ஜின் ஆடும்போது தகடு தட்டும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும் அதே அளவு இருக்கட்டும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளை ரப்பர் பட்டையால் அடைக்காவிட்டால் சூடான காற்றே திரும்பச் சுழன்று வரும். வேலூர்க் கத்திரி வெயிலில் அது பெரிய தொல்லை.

12 வோல்ட் 60/55 வாட் பல்புகள் இரண்டும் பிரைட்டில் 10 ஆம்பியர் இழுப்பதால், பழைய சுவிட்ச்சை நம்பாமல் ஃபியூஸுடன் ரிலே (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் தனி மின் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். வழக்கமான பாரத்துடன் வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தும்போது, டிம் ஒளியின் மேல் விளிம்பு ஹெட்லைட் மையத்தின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் உள் தகட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். போனட் பூட்டு விடுபட்டாலும் இரண்டாம் கொக்கி பிடிக்கிறதா என்று சோதித்த பிறகே தேசிய நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கலாம். பின்னர் பாரத்தோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். இறங்கி வந்ததும் எல்லா மவுண்டிங் போல்ட்டையும் மறுபடி இறுக்கி, இடைவெளிகளை அதே தகட்டுத் துண்டால் சரிபார்த்து, அதன் பிறகு பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, ஆர்.சி.யில் உள்ள நிறத்திலேயே பெயின்ட் அடிக்கலாம்.