ஆரவாரத்தோடு வரும் ஆல்பம்: விமர்சனத்தில் நான் சறுக்கிய இடங்கள்

போன வாரம் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு கோப்பிக் கடையில் மூன்று இளையர்கள் தங்கள் விமர்சனங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றும் ஒரே ஆல்பத்தைப் பற்றியவை: எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஓர் இளம் இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) குழுவின் புது வெளியீடு. படிக்கப் படிக்க, என் பழைய கட்டுரைகளையே யாரோ திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. வாங்கி வைத்த தே தாரே, அந்த நுரைத் தேநீர், ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

பெயர்களைச் சரிபாருங்கள், ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுவோம்.

சிங்கிள்களை வைத்து மீதியை எடைபோடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இப்போதெல்லாம் ஆல்பம் வருவதற்குள் பாதி, சிங்கிள்களாக, அதாவது தனித்தனிப் பாட்டுகளாக, வந்துவிடுகிறது. லண்டனின் தி லாஸ்ட் டின்னர் பார்ட்டி குழுவின் முதல் சிங்கிள் வந்தது 2023 ஏப்ரலில், முதல் ஆல்பம் 2024 பிப்ரவரியில். அதற்குள் 12 தடங்களில் 5 வெளியாகிவிட்டன. முதலில் வந்த பாட்டு பத்து மாதமாகக் காதில் ஊறிக் கிடக்கிறது. மற்ற ஏழும் நேற்று வந்த விருந்தாளிகள். இரண்டையும் ஒரே ராத்திரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "சிங்கிள்கள் அருமை, மீதி ஒப்பேற்றல்" என்று எழுதினால், அளந்தது உங்கள் பழக்கத்தைத்தான்.

நானும் அப்படித்தான் எழுதினேன். உள்ளூர்க் குழு, ஒன்பது பாட்டு, மூன்று சிங்கிள். ஏழாவது பாட்டு இடத்தை அடைக்க வந்தது என்று ஒரு வரி. அடுத்த ஆண்டு எஸ்பிளனேட் கலையரங்கில் பேபீட்ஸ் இசை விழா. அந்த ஏழாவது பாட்டின் கிட்டார் தொடங்கியதும் கூட்டம் கத்தியது. எனக்குப் பக்கத்தில், தேசிய சேவைக்காக மொட்டையடித்திருந்த ஒரு பையன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் விடாமல் பாடினான். இரண்டு நிமிடம் டிரம்ஸே கிடையாது. ஒரே கிட்டார் திரும்பத் திரும்ப. வீட்டில் அதைத்தான் சலிப்பு என்று நினைத்திருந்தேன். டிரம்ஸ் உள்ளே நுழைந்தபோது, அத்தனை காத்திருப்பும் எதற்கென்று புரிந்தது. இதழ் அச்சாகி ஓராண்டு ஆகியிருந்தது. நிகழ்ச்சி முடிந்து டிரம்ஸ் வாசித்தவர் எதிரே வந்தார். "அண்ணே, ஏழாவது பாட்டு கேட்டீங்களா?" என்று சிரித்தார், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆல்பம் வந்த வாரம் சிங்கிள்களைத் தொடமாட்டேன். புதுப் பாட்டுகளை மட்டும் வரிசைப்படி கேட்டு, எத்தனை தடவை கேட்டேன் என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணுவேன். அவையும் காதுக்குப் பழகிய பிறகுதான் முழு ஆல்பம்.

எம்ஆர்டி ரயிலில் கேட்டுவிட்டு "பேஸ் எடுபடவில்லை" என்பது

மூவரில் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள். எங்கே கேட்டாய் என்றேன். "சிராங்கூன்லேருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும், அங்கிள்." சுரங்கத்தில் ரயில் போடும் உறுமல் தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருப்பது அங்கேதான். குறை குழுவின் மேல் இல்லை, வட்டப்பாதை ரயிலின் மேல்.

ஆரவாரத்துக்குத் தண்டனை கொடுப்பது

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் 2006இல் பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. இத்தனை பேச்சுக்குத் தகுதியா என்று கேட்டுக் கேட்டே கட்டுரையை முடித்துவிடலாம்; பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஊதிப் பெரிதாக்கியவர்கள் வேறு ஆள்கள். நாலு பையன்கள் என்ன வாசித்தார்கள் என்று எழுதுங்கள்.

"முன்னேற்றம் இல்லை"

2003இல் நியூயார்க் ராக் குழு ஸ்ட்ரோக்ஸின் இரண்டாவது ஆல்பம் முதலாவது மாதிரியே இருக்கிறது என்று குறை சொன்னார்கள். 2006இல் மூன்றாவதில் பாணியை மாற்றினார்கள், அதற்கும் குறை.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்று தட்டிக்கொடுப்பது

வேண்டாம். அவர்களுக்கே பிடிக்காது.

பாடகரின் சட்டை

எழுதாதீர்கள். நான் ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறேன்.