200 விடைத்தாளில் சிந்தனையைத் தேடும்போது விடும் தவறுகள்

வினாத்தாளில் “விவரிக்குக” என்பதை வெட்டிவிட்டு “பகுப்பாய்வு செய்க” என்று போட்டால் உயர்மட்டச் சிந்தனை வந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. 1956இல் புளூம் என்ற கல்வியியலாளரின் குழுவினர் வகுத்து 2001இல் திருத்தப்பட்ட, நினைவாற்றலில் தொடங்கி மேலே போகும் ஆறு சிந்தனைப் படிநிலைகளும், அவற்றுக்கான வினைச்சொற் பட்டியலும் எல்லா விரிவுரையாளரிடமும் இருக்கின்றன. ஆனால் மாணவர் முன்பே கண்ட வினா எந்த வினைச்சொல்லோடு வந்தாலும் நினைவாற்றல் வினாதான். இலங்கையின் 2021 இரசாயன உரத்தடை நெற்செய்கையை எப்படிப் பாதித்தது என்று விரிவுரையில் நீங்களே பகுத்துக் காட்டிவிட்டுப் பரீட்சையிலும் அதையே கேட்டால், உங்கள் குறிப்புத்தான் திரும்பி வரும். போன வருட வினாவென்றால் சீனியர் அண்ணாமார் குப்பியிலேயே (இளையவர்களுக்கு அவர்கள் நடத்தும் பரீட்சை ஆயத்த வகுப்பு) விடையையும் கொடுத்திருப்பார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் வகுப்பென்று வையுங்கள். சிறுபோகத்துக்கு (ஆண்டின் இரண்டாவது, மழை குறைந்த பயிர்ச்செய்கைக் காலம்) இரணைமடுக் குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருப்பதாக ஒரு கற்பனை நிலைமை. நெல், பயறு, உழுந்து மூன்றுக்கும் நீர்த்தேவை, வயது, விலை காட்டும் சிறு அட்டவணை. எதை எத்தனை ஏக்கரில் விதைக்கலாம், ஏன், முடிவெடுக்க இன்னும் எந்தத் தரவு வேண்டும்? இதற்குக் குப்பியில் விடை இருக்காது.

“200 பேருக்குக் கட்டுரை வினா திருத்த நேரமேது?” என்பீர்கள். பல்தேர்வு வினா மனப்பாடத்தை மட்டுமே சோதிக்கும் என்பதும் தவறான நம்பிக்கைதான். அதே அட்டவணையை வைத்து நான்கு தெரிவுகள் கொடுங்கள். அடுத்ததாகக் காரணத்துக்கும் நான்கு தெரிவுகள். இரண்டும் சரியென்றால் மட்டுமே புள்ளி. குருட்டு ஊகத்துக்கான வாய்ப்பு 1/4இலிருந்து 1/16 ஆகக் குறையும். பிழையான தெரிவுகளை நீங்கள் கற்பனை செய்யாமல், பழைய விடைத்தாள்களில் பிள்ளைகள் உண்மையாகவே விட்ட பிழைகளிலிருந்து எடுங்கள்.

எழுத்து விடை கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்து வரி போதும். புள்ளித்திட்டத்தில் காரணத்துக்குத் தனிப்புள்ளி ஒதுக்குங்கள். விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரிக்காமல், ஒரு வினாவை முழு வகுப்புக்கும் ஒருவரே திருத்தட்டும்.

தமிழில் உயர்தரப் பரீட்சை எழுதி வந்த பிள்ளையிடம் வினாவின் நிலைமையை ஒரு பக்க ஆங்கிலக் கதையாக நீட்டினால், அளக்கப்படுவது வாசிப்பு வேகம். சின்ன வாக்கியங்களும் அட்டவணையும் போதும்.

இப்படியான வினாவை முதன்முதலாக இறுதிப் பரீட்சையில் காட்டுவது அநியாயம். மூன்றாம் வாரத்திலேயே புள்ளியில்லாமல் ஒன்றைக் கொடுத்து, பக்கத்திலிருப்பவரோடு வாதாட விடுங்கள். நிரம்பிய மண்டபத்திலும் பத்து நிமிடத்தில் முடியும்.